வீட்டிலேயே சிடி, டிவிடி எழுதலாம் – எந்த மென்பொருள் நமக்குச் சரி?



போன மாதம் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். ஒரு குழுவின் ஊக்குநர் அக்கா மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்ததும் பையிலிருந்து ஒரு டிவிடியை எடுத்துக் காட்டினார். 2009-ல் நடந்த மகள் கல்யாணத்தின் டிவிடி.

"இதுல எங்க வீட்டுக்காரர் பேசுறது இருக்கும்மா. வேற எதுலயும் அவர் குரல் கிடையாது. இப்பல்லாம் பாதியில நின்னு நின்னு ஓடுது. முழுசா போறதுக்குள்ள ஒரு காப்பி போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டார். அவருடைய கணவர் இப்போது இல்லை.

கடையில் கொடுக்கலாமே என்று கேட்டோம். கேட்டுப் பார்த்தாராம். இரண்டு நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்களாம். மகளுக்கு நலங்கு வைத்தது, வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து பேசியது எல்லாம் அதில் இருக்கிறது. முன்பின் தெரியாத கம்ப்யூட்டரில் அதை ஏற்றிவிட்டு வர அவருக்கு மனசு வரவில்லை. இது நியாயமான பயம்தான்.

நம் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் இருக்கு, டிவிடி எழுதுகிற டிரைவும் இருக்கு. "அரை மணி நேர வேலை, போட்டுக் கொடுத்துடலாம்" என்று நினைத்தோம். நினைத்த மாதிரி நடக்கவில்லை. முதல் டிவிடி எங்கள் கம்ப்யூட்டரில் ஓடியது, அக்கா வீட்டு பிளேயரில் ஓடவில்லை. இரண்டாவது பாதியில் நின்றது. மூன்றாவதுதான் சரியாக வந்தது. டிவிடியில் குற்றம் இல்லை. எந்த மென்பொருளை எதற்கு எடுப்பது, அதில் எதைத் தேர்வு செய்வது என்று தெரியாமல் நாங்கள் செய்த குற்றம்தான். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

'இப்ப எல்லாம் செல்போன்லயும் பென் டிரைவ்லயும் வந்துடுச்சே, இனி சிடி எதுக்கு?' என்று சிலர் கேட்பீர்கள். புதிதாக எடுக்கும் படங்களுக்கு அது சரி. ஆனால் நம் வீடுகளில் பீரோவுக்குள் இருக்கிற கல்யாணம், காதுகுத்து, பூப்பு நீராட்டு, பிள்ளைகளின் ஆண்டுவிழா எல்லாம் அந்த நாளில் சிடியிலும் டிவிடியிலும்தான் கொடுத்தார்கள். 2006-லிருந்து அரசு கொடுத்த கலர் டிவியோடு சேர்த்து வாங்கிய டிவிடி பிளேயர் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. வயதானவர்களுக்கு அதுதான் பழக்கம். ஆகவே இந்த வேலை இன்னும் முடிந்துபோகவில்லை.

எழுதுவது என்றால் என்ன?

காலி டிவிடிக்குள் மெல்லிய சாயப் பூச்சு ஒன்று இருக்கிறது. டிரைவில் இருக்கும் லேசர் ஒளி அந்தச் சாயத்தைச் சூடாக்கி, புள்ளி புள்ளியாக அடையாளம் வைக்கிறது. அதனால்தான் இதற்கு ஆங்கிலத்தில் 'பர்ன்', அதாவது எரிப்பது, என்று பெயர் வந்தது. நாம் 'ரைட் பண்றது', 'காப்பி போடுறது' என்கிறோம்.

இதில் மென்பொருளுக்கு என்ன வேலை? நம் தீர்மான நோட்டை நினைத்துப் பாருங்கள். தேதி போட்டு, வந்தவர் பெயர் எழுதி, தீர்மானங்களை வரிசையாக எழுதுகிறோம். கடைசியில் கோடு போட்டுக் கையெழுத்து வாங்கி மூடுகிறோம். மென்பொருளும் இதைத்தான் செய்கிறது. எந்தக் கோப்பு எந்த இடத்தில் என்று பட்டியல் போடுகிறது, டிரைவை எழுத வைக்கிறது, கடைசியில் தகட்டை மூடுகிறது. இப்படி மூடுவதற்கு 'ஃபைனலைஸ்' என்று பெயர். சில மென்பொருளில் 'க்ளோஸ் டிஸ்க்' என்றும் இருக்கும். மூடாமல் விட்ட தகட்டை எழுதிய கம்ப்யூட்டர் படிக்கலாம், ஆனால் வேறு பிளேயர் படிக்காமல் போகலாம்.

முதலில் மூன்று கேள்விகள்

கடைக்குச் சேலை வாங்கப் போனால் கல்யாணத்துக்கா, களை எடுக்கவா என்று முதலில் யோசிப்போம். இதற்கும் அப்படித்தான். மென்பொருளைத் தேடும் முன்னால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று, எதை எழுதப் போகிறோம்? கோப்புகளா, பாட்டுகளா, படமா?

இரண்டு, அது எதில் ஓடணும்? கம்ப்யூட்டரிலா, வீட்டு டிவிடி பிளேயரிலா, பழைய சிடி பிளேயரிலா?

மூன்று, நம்மிடம் இருப்பது எந்தக் கம்ப்யூட்டர்? விண்டோஸா, லினக்ஸா? அதில் எழுதும் டிரைவ் இருக்கிறதா? இப்போது வரும் லேப்டாப்புகள் பெரும்பாலானவற்றில் டிரைவ் இருப்பதில்லை. யுஎஸ்பி வயரில் மாட்டும் தனி டிவிடி ரைட்டர் கடையில் கிடைக்கிறது. டிரைவின் முன்பக்கத்தில் 'ரைட்டர்' அல்லது 'ஆர்டபிள்யூ' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'டிவிடி ரோம்' என்று மட்டும் இருந்தால் அது படிக்கும், எழுதாது.

எத்தனை வகை எழுத்து?

*கோப்பு சிடி.* நம் குழு வரவு செலவு, போட்டோக்கள், கடிதங்கள் ஆகியவற்றை இருக்கிறபடியே எழுதுவது. கம்ப்யூட்டரில் திறக்கலாம். சாதாரண சிடியில் 700 எம்பி பிடிக்கும். சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி என்று அட்டையில் போட்டிருக்கும், ஆனால் கம்ப்யூட்டர் கணக்கில் அது ஏறக்குறைய 4.37 ஜிபிதான். அதனால் 4.6 ஜிபி கோப்பை ஏற்றப் பார்த்து 'இடம் இல்லை' என்று வந்தால் பயப்படாதீர்கள். இரண்டு அடுக்கு உள்ள டிவிடியில் 8.5 ஜிபி வரை போடலாம்.

*பாட்டு சிடி.* இதில் இரண்டு விதம் உண்டு. எந்தப் பழைய சிடி பிளேயரிலும் ஓடும் 'ஆடியோ சிடி' ஒன்று. அதில் 80 நிமிடம் பாட்டுதான் பிடிக்கும், சுமார் 16 முதல் 20 பாட்டு. இன்னொன்று 'எம்பி3 சிடி'. அதில் நூற்றைம்பது பாட்டுக்கு மேலேயே பிடிக்கும், ஆனால் பிளேயரில் 'எம்பி3' என்று எழுதியிருந்தால்தான் ஓடும்.

*பட டிவிடி.* டிவியில் போட்டதும் படம் ஓட வேண்டுமென்றால் இதுதான் வேண்டும். இதற்குள் 'வீடியோ டிஎஸ்' என்ற பெயரில் ஒரு உறை இருக்கும். அதற்குள் பிளேயருக்குப் புரிகிற வகையில் படம் மாற்றி வைக்கப்பட்டிருக்கும். செல்போனில் எடுத்த படத்தை அப்படியே காலி டிவிடியில் இழுத்துப் போட்டால் அது கோப்பு டிவிடிதான், பட டிவிடி ஆகாது. வீட்டு பிளேயரில் போட்டால் 'நோ டிஸ்க்' என்று வரலாம். பல பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இனி மென்பொருள்கள்

*விண்டோஸிலேயே இருப்பது.* கோப்புகளை எழுத மட்டும் என்றால் தனியாக எதுவும் தேட வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பியிலேயே சிடி எழுதும் வசதி இருந்தது. 2007-ல் வந்த விஸ்டாவிலிருந்து டிவிடியும் எழுதலாம். 2009-ல் வந்த விண்டோஸ் 7-லிருந்து 'ஐஎஸ்ஓ' என்ற முழுப் பிரதிக் கோப்பையும் எழுதலாம்.

ஆனால் ஒரு இடத்தில் உஷாராக இருக்கணும். காலி டிவிடியைப் போட்டதும் திரையில் ஒரு கேள்வி வரும். 'லைக் எ யுஎஸ்பி ஃப்ளாஷ் டிரைவ்' என்று ஒரு வரி, 'வித் எ சிடி டிவிடி பிளேயர்' என்று இன்னொரு வரி. முதல் வரி தானாகவே தேர்வாகி இருக்கும். அதை அப்படியே விட்டால் அந்த டிவிடி கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் உதவும். அக்காவின் முதல் டிவிடியை நாங்கள் கெடுத்தது இப்படித்தான். வெளியே எங்கேயாவது ஓட வேண்டுமென்றால் இரண்டாவது வரியைத் தேர்வு செய்யுங்கள்.

பாட்டு சிடிக்கு விண்டோஸ் மீடியா பிளேயரில் 'பர்ன்' என்ற பகுதி இருக்கிறது. புதிய கம்ப்யூட்டர்களில் அதன் பெயரோடு 'லெகசி' என்று சேர்த்திருப்பார்கள். பாட்டுகளை அந்தப் பக்கமாக இழுத்துப் போட்டு, 'ஆடியோ சிடி' என்று தேர்வு செய்தால் போதும்.

*நீரோ.* ஸ்டூடியோவிலும் பிரவுசிங் சென்டரிலும் 'நீரோல போட்டு அடி' என்று சொல்வதை அந்தக் காலத்தில் கேட்டிருப்பீர்கள். ரோம் நகரம் எரிந்தபோது பிடில் வாசித்ததாகக் கதை சொல்வார்களே, அந்த நீரோ மன்னர் பெயர்தான் இது. சிடி ரோமை எரிக்கிற மென்பொருள் என்பதால் ஜெர்மனிக்காரர்கள் அப்படிப் பெயர் வைத்தார்கள். வசதிகள் அதிகம். ஆனால் அது காசு கொடுத்து வாங்க வேண்டியது. சிடி ரைட்டர் வாங்கும்போது அதன் சின்ன பதிப்பு ஒன்று கூடவே வந்ததும் உண்டு. நம் வேலைக்கு இவ்வளவு பெரியது தேவை இல்லை. திருட்டுப் பதிப்பை ஏற்றிக்கொடுப்பதாக யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதோடு வைரஸும் வந்து சேரும். குழுக் கணக்கு இருக்கிற கம்ப்யூட்டரில் அந்த ஆபத்தை நாம் வாங்கக் கூடாது.

*இம்க்பர்ன்.* இது இலவசம். 2005-ல் வந்தது, கடைசிப் பதிப்பு 2013-ல் வெளியானது. பழசாக இருந்தாலும் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. திறந்தவுடன் பெரிய பெரிய படங்களோடு என்ன செய்யணும் என்று கேட்கும். டிவிடியிலிருந்து முழுப் பிரதி எடுப்பது, பிரதியைக் காலி டிவிடியில் எழுதுவது, கோப்புகளை எழுதுவது, எழுதியதைச் சரிபார்ப்பது என்று தனித்தனியாக இருக்கும். பழைய டிவிடிக்கு இன்னொரு காப்பி போட நாங்கள் தேர்வு செய்தது இதைத்தான். ஆனால் செல்போன் படத்தைப் பட டிவிடியாக மாற்ற இதற்குத் தெரியாது.

*டிவிடிஸ்டைலர்.* செல்போனிலும் கேமராவிலும் எடுத்ததைப் பட டிவிடியாக மாற்ற இது உதவும். இதுவும் இலவசம். விஸ்டாவிலும் விண்டோஸ் 7-லும் 'டிவிடி மேக்கர்' என்று ஒன்று கூடவே இருந்தது, 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளலாம். ஆரம்பத்திலேயே 'பால்' வேண்டுமா 'என்டிஎஸ்சி' வேண்டுமா என்று கேட்கும். நம் நாட்டுக்கு 'பால்'. டிவி அகலமானதா என்றும் கேட்கும். பழைய டப்பா டிவி என்றால் 4:3, இப்போதைய தட்டை டிவி என்றால் 16:9. ஒரு சாதாரண டிவிடியில் 2 மணி நேரப் படம் நல்ல தரத்தில் பிடிக்கும். அதற்கு மேல் திணித்தால் படம் கட்டம் கட்டமாகத் தெரியும். படத்தை மாற்றி முடிக்க ஒன்றிரண்டு மணி நேரம்கூட ஆகும். பழைய கம்ப்யூட்டர் என்றால் இன்னும் கூடும். அடுப்பில் பருப்பு வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பது போல விட்டுவிடுங்கள். கரண்டு மட்டும் போகாமல் இருக்கணும்.

*லினக்ஸ் கம்ப்யூட்டர் என்றால்* கே3பி, பிரசேரோ என்ற இரண்டும் உண்டு. இரண்டும் இலவசம். கே3பியில் வசதி அதிகம், பிரசேரோ எளிது. இரண்டிலும் தகட்டிலிருந்து தகட்டுக்குக் காப்பி போடும் வசதி இருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால் இப்படி: கோப்பு எழுத விண்டோஸில் இருப்பதே போதும். பாட்டு சிடிக்கு மீடியா பிளேயர் போதும். டிவிடிக்கு இன்னொரு காப்பி போட இம்க்பர்ன். செல்போன் படத்தை டிவிடி ஆக்க டிவிடிஸ்டைலர். நான்குக்கும் நாம் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இலவசம் என்றதும் கண்ணை மூடாதீர்கள்

இலவச மென்பொருளை ஏற்றும்போது சிலவற்றில் வேண்டாத சரக்கும் ஒட்டிக்கொண்டு வரும். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே போனால் பிரவுசரில் புதுப் பட்டை வந்து உட்காரும், விளம்பரம் வரும். மூன்று பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளை அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ஏற்றும்போது 'கஸ்டம்' என்பதைத் தேர்வு செய்து, டிக் அடித்திருக்கும் வேண்டாத கட்டங்களை எடுத்துவிடுங்கள். 'டவுன்லோட்' என்று பச்சை நிறத்தில் பெரிதாக மின்னும் பொத்தான்கள் பல நேரம் விளம்பரம்தான், அவசரப்பட்டு அமுக்காதீர்கள்.

எழுதும்போது செய்ய வேண்டியவை

1. எழுத வேண்டிய எல்லாவற்றையும் முதலில் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். பென் டிரைவிலிருந்து நேராக எழுத வேண்டாம்.

2. கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தில் சின்னப் பெயராக வையுங்கள். தமிழில் பெயர் வைத்தால் சில பிளேயர்களில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

3. நல்ல தகடாக வாங்குங்கள். 'ஆர்' என்று முடிந்தால் ஒரு தடவைதான் எழுதலாம். 'ஆர்டபிள்யூ' என்றால் அழித்து அழித்து எழுதலாம், சுமார் 1000 தடவை வரை. பழகும்போது ஆர்டபிள்யூ வைத்துப் பழகினால் தகடு வீணாகாது. பாதுகாத்து வைப்பதற்கு ஆர் வகைதான் நல்லது. யாரும் தெரியாமல் அழித்துவிட முடியாது.

4. வேகத்தைக் குறையுங்கள். 16எக்ஸ் என்று அட்டையில் இருந்தால் அது அதிகபட்ச வேகம். 8எக்ஸ் வைத்தால் ஒரு முழு டிவிடிக்கு சுமார் 8 நிமிடம், 4எக்ஸ் வைத்தால் சுமார் 14 நிமிடம். அந்த ஆறு நிமிடத்தை மிச்சம் பிடித்து நமக்கு ஆகப் போவது ஒன்றும் இல்லை. எங்கள் இரண்டாவது டிவிடி பாதியில் நின்றதற்கு, மலிவான தகட்டில் முழு வேகத்தில் எழுதியதுதான் காரணம் என்று நினைக்கிறோம். அதே படத்தை நல்ல தகட்டில் 8எக்ஸ் வைத்து எழுதியதும் சரியாக ஓடியது.

5. எழுதும்போது கம்ப்யூட்டரில் வேறு வேலை செய்யாதீர்கள். டிரைவை ஆட்டாதீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜரை மாட்டி வையுங்கள்.

6. 'வெரிஃபை' என்ற கட்டத்தில் டிக் இருக்கட்டும். எழுதி முடித்ததும் மென்பொருளே படித்துப் பார்த்து, மூலத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும். இன்னொரு பத்து நிமிடம் ஆகும். பணத்தை வாங்கியதும் ஒரு தடவை எண்ணிப் பார்க்கிறோம் இல்லையா, அது மாதிரி.

7. ஓட வேண்டிய பிளேயரிலேயே போட்டு, ஆரம்பம், நடு, கடைசி மூன்றையும் பாருங்கள். அதன் பிறகுதான் கம்ப்யூட்டரில் இருப்பதை அழிக்கணும். பார்க்கும் முன்னால் எதையும் அழிக்கக் கூடாது.

நிற்கிற டிவிடியைக் காப்பாற்றுவது

அக்காவின் டிவிடிக்கு வருவோம். முதலில் சுத்தமான மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தோம். சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது. நடு ஓட்டையிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்கணும். தேய்க்கிற பொடி, மண்ணெண்ணெய், பற்பசை எதுவும் போடக் கூடாது.

அப்புறம் இம்க்பர்னில் முழுப் பிரதி எடுக்கப் போட்டோம். எங்கள் டிரைவ் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டது. அதே டிவிடியை இன்னொரு உறுப்பினர் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டோம். அந்த டிரைவ் மெதுவாக, நின்று நின்று, இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டாலும் கடைசி வரை படித்தது. ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும், இதை மறக்காதீர்கள். இதுவும் சரிவரவில்லை என்றால் லினக்ஸில் 'டிடிரெஸ்க்யூ' என்று ஒன்று இருக்கிறது. நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைத் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளைக் கேட்டால் போட்டுத் தருவார்கள்.

பிரதி கைக்கு வந்ததும் டிவிடியில் எழுதியதோடு நிற்கவில்லை, பென் டிரைவிலும் ஒன்று போட்டுக் கொடுத்தோம். இதில் ஒரு சின்ன விஷயம் இருக்கு. பென் டிரைவ் 'ஃபேட்32' முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒரே கோப்பு அதில் ஏறாது. 'எக்ஸ்ஃபேட்' முறைக்கு மாற்றணும். மாற்றினால் அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும், ஆகவே முதலில் காலி செய்துகொள்ளுங்கள்.

நம் குழுக் கணக்குக்கும் இது தேவை

தணிக்கைக்குக் கொடுத்த கணக்கு, பயிற்சிப் படங்கள், கூட்டப் போட்டோக்கள் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால் ஒரு இடி விழுந்தால் போச்சு. வருடத்துக்கு ஒரு தடவை எழுதி, ஒன்றை அலுவலகத்திலும் ஒன்றை வேறு ஊரில் ஒரு நிர்வாகி வீட்டிலும் வையுங்கள்.

பழைய கோப்புகள் பல அந்தக் கால தமிழ் எழுத்துருக்களில் அடித்தவை. வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் புரியாத எழுத்தாக வரும். அதனால் அந்த எழுத்துருக் கோப்பையும் அதே சிடியில் சேர்த்து எழுதுங்கள். முக்கியமானதை பிடிஎஃப் ஆகவும் மாற்றிப் போடுங்கள்.

உறுப்பினர்களின் ஆதார், பாஸ்புக் நகல் உள்ள சிடி கெட்டுப்போனால் குப்பையில் வீசாதீர்கள். துணியில் சுற்றி உடைத்துவிட்டுப் போடுங்கள்.

எதைக் காப்பி போடலாம், எதைக் கூடாது?

நாம் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாண வீடியோவுக்கு, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், நாம்தான் முதல் உரிமையாளர். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தயங்காமல் காப்பி போடலாம்.

சினிமா டிவிடி வேறு விஷயம். காப்பி போட்டு விற்றால் அதே சட்டத்தின் 63-வது பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று சொல்கிறோமே, 1982-ம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 2004-ல் வீடியோ திருட்டையும் சேர்த்தார்கள். 'டிவிடி காப்பி போடுற தொழில் ஆரம்பிக்கலாமா' என்று கேட்டு வரும் உறுப்பினர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள். குடும்ப நிகழ்ச்சிகளின் பழைய டிவிடிகளைப் பிரதி எடுத்துக் கொடுப்பது நல்ல வேலை, சினிமா பக்கம் போக வேண்டாம்.

எழுதியதைப் பாதுகாப்பது

ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். பளபளப்பான பக்கத்தை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று நினைக்கிறோம். சிடியில் எழுத்து இருப்பது பெயர் எழுதும் மேல் பக்கத்துக்கு மிக அருகில்தான். அங்கே கீறல் விழுந்தால் தகவலே போய்விடும். டிவிடியில் அது இரண்டு தகட்டுக்கு நடுவே இருக்கும். எனவே பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள், ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். மெல்லிய முனை உள்ள சிடி மார்க்கரால் பெயரும் தேதியும் எழுதுங்கள். வெயில் படாமல், ஈரம் இல்லாத இடத்தில், பெட்டியில் நிற்க வையுங்கள். ஜன்னல் ஓரமும் டிவி மேலும் வேண்டாம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். லேசாக நிற்க ஆரம்பித்தவுடனேயே புதுப் பிரதி எடுத்துவிடுங்கள். முழுசாகக் கெட்ட பிறகு எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

கடைசியாக ஒன்று

அக்கா வீட்டில் மூன்றாவது டிவிடியைப் போட்டபோது நாங்களும் இருந்தோம். ஊர்வலம் வருகிற இடத்தில் சில நொடிகள் படம் கலங்கியது. அந்த இடம் பழைய டிவிடியிலேயே போய்விட்டது, திரும்பக் கிடைக்கவில்லை. பந்தி நடக்கிற இடம் வந்தது. அவருடைய கணவர் கையில் சாம்பார் வாளியோடு, "கடைசி வரிசைக்கு இன்னும் போகலைப்பா, அங்க பாருங்க" என்று சத்தம் போடுகிறார். அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட இருக்காது. அக்கா அதையே மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தார். பக்கத்தில் பேரன் உட்கார்ந்து, "தாத்தா குரல் இப்படியா இருக்கும்?" என்று கேட்டான். அவன் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

பிறகு அக்காவையே கூப்பிட்டு, அவர் கண் முன்னாலேயே இரண்டு கம்ப்யூட்டரிலும் இருந்த பிரதியை அழித்தோம். பிறர் வீட்டுப் படத்தைக் கையில் வாங்கினால் இதையும் செய்ய வேண்டும். குப்பைத் தொட்டிப் படத்தைத் திறந்து, அதையும் காலி செய்யணும்.

சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த நான்கையும் பேசுங்கள்:

• நம் உறுப்பினர்கள் வீட்டில் நிற்க ஆரம்பித்த சிடி, டிவிடி எத்தனை இருக்கிறது?

• நம் ஊரில் எழுதும் டிரைவ் உள்ள கம்ப்யூட்டர் யாரிடம் இருக்கிறது?

• யுஎஸ்பி டிவிடி ரைட்டர் ஒன்றைக் கூட்டமைப்புக்குப் பொதுவாக வாங்கலாமா? இரண்டு மூன்று கடையில் விலை விசாரித்து, தீர்மானம் போட்டு வாங்கலாமே.

• கற்றுக்கொள்ள ஆசைப்படும் உறுப்பினர் அல்லது உறுப்பினரின் மகள் யார்?

பேசி முடிவு செய்ததைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள். பழைய டிவிடிகளையும் பெயர், ஊர் எழுதி ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். மெதுவாக ஓடுகிறதே, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.